பஸ்டர் கீட்டனைச் சாய்த்தது பேசும்படமா?

மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் குரல் சரியில்லாததால்தான் பேசும்படம் வந்ததும் அவர் காணாமல் போனார் என்று ஒரு காணொளியில் கேட்டதாகச் சொல்லி, அது உண்மையா, இல்லையென்றால் சாப்ளின் நிலைத்து நிற்க இவர் மட்டும் ஏன் விழுந்தார், புதிதாகப் பார்ப்பவர் எந்தப் படத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இவை மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: கீட்டனின் திறமை ஒலி வந்ததும் செல்லாக்காசு ஆகிவிட்டதா, அல்லது அந்தத் திறமை வேலை செய்வதற்கு வேண்டியிருந்த வேறு ஏதோ ஒன்று அவர் கையைவிட்டுப் போய்விட்டதா என்பதே அது.

படத்தொகுப்பு கற்பிப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்புக்கும் கீட்டனின் படங்களை ஷாட் ஷாட்டாக நிறுத்திக் காட்டி வருகிறேன். ஆகவே படங்களுக்குள் இருப்பவற்றைப் பற்றி நான் சொல்வதைக் கண்ணால் பார்த்தவன் சாட்சியாகக் கொள்ளலாம். ஒப்பந்தங்கள், வசூல், குடும்ப வாழ்க்கை பற்றிச் சொல்வதெல்லாம் வரலாற்றாய்வாளர்களைப் படித்து அறிந்தவை. அவற்றில் எது கெட்டியானது, எது வாய்வழிக் கதை என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

குரல்தான் காரணம் என்பது தவறு. இதில் தயக்கத்துக்கே இடமில்லை. கீட்டனுடையது சற்றுக் கரகரப்பான, தாழ்ந்த குரல். அவர் ஏற்ற அப்பாவிப் பாத்திரங்களுக்கு அது பொருந்தாத குரல் அன்று. மைக்கைக் கண்டு மிரளும் ஆளும் அவர் அல்லர். நினைவு தெரிந்த நாளிலிருந்து மேடையில் நின்றவர். 1929-இல் வெளிவந்த ‘ஸ்பைட் மேரேஜ்’ படத்தை ஒலியோடு எடுக்க வேண்டும் என்று கேட்டவரே அவர்தான், மறுத்தது அவர் அப்போது வேலைபார்த்த எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் நிறுவனம். 1930-க்கும் 1933-க்கும் இடையில் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக ஏழு பேசும்படங்களில் கதாநாயகனாக நடித்தார். அவற்றில் சில நன்றாகவே ஓடின. மாறாக, இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் அவருடைய மௌனப்படம் ‘தி ஜெனரல்’ சுமார் ஏழரை லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் ஐந்து லட்சத்தைக்கூட ஈட்டாமல் போன படம். மொழிமாற்றம் இன்னும் பரவாத அந்தக் காலத்தில், வெளிநாட்டுச் சந்தைக்காக ஒரே படத்தை ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கீட்டன் அந்த மொழிகளின் ஒலியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு தாமே பேசி நடித்தார். குரலில் குறை கண்ட நிறுவனம் ஒருவரை இத்தனை மொழிகளில் பேசவைத்துப் பார்க்காது.

அப்படியானால் போனது எது என்று கேட்டால், அவருக்கு முதலில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜோசப் ஃபிராங்க் கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று கான்சஸ் மாநிலத்தில் பிகுவா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போய்க் கூத்துக்காட்டி மருந்து விற்கும் குழுவில் இருந்தவர்கள். பிறகு அவர்கள் வாடவில் எனப்படும், பாட்டும் வித்தையும் நகைச்சுவையும் கலந்த மேடைக்கு வந்தபோது, சிறுவனும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டான். ‘மூன்று கீட்டன்கள்’ என்ற அந்த நிகழ்ச்சியின் சாரம், அடங்காத பிள்ளையை அப்பா மேடையில் தூக்கி எறிவது. எறிவதற்கு வசதியாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தார் நியூயார்க்கில் அவர்களை விடாமல் துரத்தியதற்குப் பதிவுகள் இருக்கின்றன. விழும்போது எலும்பு முறியாமல் விழுவதும், விழுந்து எழுந்தபின் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தால் அரங்கு இன்னும் பலமாகச் சிரிக்கும் என்பதும் அந்த வயதில் கற்றுக்கொண்டவை என்று கீட்டனே சொல்லியிருக்கிறார். படத்தில் சிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அதை நம்ப வேண்டாம். 1917-இல் வந்த தொடக்ககாலக் குறும்படங்களில் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், ஓரிடத்தில் அழுகிறார்.

‘பஸ்டர்’ என்ற பெயரை மாயவித்தைக்காரர் ஹௌடினி வைத்தார் என்பது இன்னொரு கதை. குழந்தை மாடிப்படியில் உருண்டு விழுந்து அடிபடாமல் எழுந்ததைப் பார்த்து அவர் அப்படி வியந்ததாகச் சொல்வார்கள். கீட்டனும் வாழ்நாள் முழுக்க அதையே சொன்னார். ஆனால் தொடக்ககாலச் செய்தித்தாள்களில் அப்பா ஜோ குறிப்பிட்ட பெயர் ஜார்ஜ் பார்டி என்ற வேறொரு மேடை நடிகருடையது. கீட்டன் குடும்பம் ஹௌடினியோடு சேர்ந்து பயணம் செய்ததும் பெயர் வந்த காலத்துக்குப் பிற்பட்டது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேடைக் குடும்பங்களுக்குத் தங்கள் வரலாறும் ஒரு நிகழ்ச்சிதான். கைதட்டல் கூடினால் அடுத்த ஊரில் கதை இன்னும் கொஞ்சம் வளரும். கீட்டன் பற்றிய எந்தச் சுவையான தகவலையும் எடுத்துக்கொள்ளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பாவின் குடி முற்றியதால் 1917-இல் குடும்ப நிகழ்ச்சி உடைந்தது. நியூயார்க்கில் தனியாக ஒரு பெரிய மேடை நிகழ்ச்சிக்கு ஒப்பந்தமாகியிருந்த கீட்டன், அதற்குள் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரின் படப்பிடிப்பைப் பார்க்கப் போனார். அன்றே ஒரு காட்சியில் நடித்தார். அவரைக் கட்டிப்போட்டது நடிப்பைவிடக் கேமராதான்: அதைக் கடன் வாங்கிக்கொண்டு போய் இரவோடு இரவாகப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டியதாக அவர் சொல்வார். பிரித்தது நடந்ததோ இல்லையோ, பின்னாளில் எடுத்த படங்களைப் பார்த்தால் அப்படிச் செய்யாமல் இருந்திருக்கவே முடியாது என்று தோன்றும். வாரம் இருநூற்றைம்பது டாலர் மேடைச் சம்பளத்தை விட்டுவிட்டு நாற்பது டாலருக்கு அங்கேயே தங்கிவிட்டார். இடையில் முதல் உலகப் போருக்காகப் பிரான்ஸ் போய், காது கேட்கும் திறனில் பாதிப்போடு திரும்பினார்.

1920-இல் தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க், ஒருகாலத்தில் சாப்ளின் படமெடுத்த ஹாலிவுட் ஸ்டுடியோவைக் கீட்டனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். அங்கிருந்து 1923 வரை பத்தொன்பது குறும்படங்களும், அதன்பின் 1928 வரை பத்து முழுநீளப் படங்களும் வந்தன. கீட்டனின் புகழ் முழுவதும் ஏறத்தாழ இந்த எட்டு ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. இங்கே அவருக்கு இருந்தது என்ன என்பதுதான் உங்கள் கேள்விக்கு விடை. எழுதப்பட்ட திரைக்கதை கிடையாது. கீட்டனும் நாலைந்து நகைச்சுவை எழுத்தாளர்களும் உட்கார்ந்து கதையின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தீர்மானிப்பார்கள். நடுப்பகுதி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் வழக்கமாகச் சொன்னது. எல்ஜின் லெஸ்லி என்ற ஒளிப்பதிவாளர் கேமராவின் கைப்பிடியைச் சுற்றும் வேகம் கடிகாரம் போல இருக்கும். ஃபிரெட் கபூரி என்ற தொழில்நுட்ப வல்லுநர், வேண்டும் என்று கேட்டது வீடானாலும் படகானாலும் கட்டிக் கொடுப்பார். படப்பிடிப்பில் யோசனை முட்டிக்கொண்டு நின்றால் எல்லோரும் வெளியே போய் பேஸ்பால் ஆடுவார்கள். யாருக்காவது யோசனை வந்துவிட்டால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். திட்டமிட்டது சரியாக வராமல், வேறொன்று தற்செயலாக நடந்து அது இன்னும் நன்றாக இருந்தால், அதையே வைத்துக்கொண்டு கதையை அதற்கேற்ப வளைப்பார்கள். பார்க்கச் சோம்பேறிக் கூட்டம் போல இருந்தாலும் வேலையில் அத்தனை கறாரானவர்கள். 1921-இல் வந்த ‘தி பிளேஹவுஸ்’ குறும்படத்தில் ஒரே மேடையில் ஒன்பது கீட்டன்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். லென்ஸுக்கு முன்னால் ஒன்பது சிறு கதவுகள் கொண்ட மறைப்பை வைத்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து, ஒரே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி ஒன்பது முறை எடுத்த காட்சி அது. லெஸ்லியின் கை ஒருமுறை தடுமாறியிருந்தாலும் எட்டு முறை பட்ட பாடு வீண்.

‘தி ஜெனரல்’ படத்தில் ஓரிடத்தை நான் வகுப்பில் தவறாமல் நிறுத்திக் காட்டுவேன். காதலியால் ஒதுக்கப்பட்ட ரயில் எஞ்சின் ஓட்டுநர், தன் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டின்மேல் வந்து உட்கார்கிறார். தோள்கள் தொங்குகின்றன. உள்ளே இருப்பவர் எஞ்சினை நகர்த்த, தண்டு மேலே எழுந்து ஒரு வளைவாக இறங்கி மறுபடி எழுகிறது. உட்கார்ந்திருப்பவரும் அசையாமல் ஏறி இறங்கிக்கொண்டே போகிறார். கொட்டகைக்குள் நுழையும் நேரத்தில்தான் அவருக்கு உறைக்கிறது. கேமரா தள்ளி நிற்கிறது, வெட்டு இல்லை, முகத்துக்கு நெருக்கம் இல்லை. சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கி வேகமாகச் சுழன்றிருந்தால் ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இங்கே ஒரு குளோஸ்-அப் சேர்த்தால் என்ன ஆகும்? சோகம் தெரியும், எஞ்சின் தெரியாது. எஞ்சின் தெரியாவிட்டால் சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாவிட்டால் அந்தச் சோகமும் அழுமூஞ்சித்தனமாகிவிடும். முழு உடலும், அதைச் சுற்றியுள்ள பெரிய இயந்திரமும் ஒரே சட்டகத்தில், வெட்டாமல் தெரிய வேண்டும் என்பது கீட்டனிடம் அழகுக்காக வைத்த விதி மட்டுமன்று. தந்திரம் எதுவும் இல்லை என்று பார்ப்பவருக்குக் கொடுக்கும் வாக்குறுதியும்கூட.

1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையினர் ஒரு எஞ்சினைத் திருடிக்கொண்டு ஓடிய உண்மை நிகழ்ச்சியிலிருந்து பிறந்த படம் அது. ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊரைச் சுற்றி, பழைய ரயில் தடங்கள் கிடைத்ததால் எடுத்தார்கள். 1926 ஜூலை 23 அன்று, எரியும் பாலத்தின்மேல் ஓர் உண்மையான எஞ்சினை ஓடவிட்டு ஆற்றில் விழவைத்தார்கள். சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்க வந்தது. அந்த ஒரு ஷாட்டுக்கு நாற்பத்திரண்டாயிரம் டாலர் செலவானதாகவும், மௌனப்பட யுகத்திலேயே விலையுயர்ந்த ஷாட் அதுதான் என்றும் எல்லோரும் எழுதுகிறார்கள். எஞ்சின் விழுந்ததும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும் வரை ஆற்றிலேயே கிடந்ததும் உறுதி. தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒன்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம் வந்தபோது விமர்சகர்கள் பலர் கைவிரித்தார்கள். போரில் மனிதர்கள் சாவதைக் காட்டிவிட்டு எப்படிச் சிரிக்கவைக்க முடியும் என்று கேட்டார்கள்.

வீட்டின் முன்சுவர் மேலே விழும் காட்சியைத் துண்டுக் காணொளியாக நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில், புயலின் நடுவே, 1927-இல் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் எடுத்தது. முழுச் சுவரும் அப்படியே சாய்ந்து விழ, மாடியில் திறந்திருக்கும் சன்னல் அவர் நின்ற இடத்தைச் சுற்றி இறங்குகிறது. சுவர் உண்மையானது, எடை கூடியது, தலைக்கும் தோளுக்கும் சன்னல் சட்டத்துக்கும் இடையில் சில அங்குல இடைவெளிதான், ஒரே டேக். இவ்வளவும் உறுதி. சுவரின் எடை இரண்டு டன் என்பதும், படக்குழுவில் சிலர் பார்க்க மனமில்லாமல் திரும்பிக்கொண்டார்கள் என்பதும் பின்னாளில் சொல்லப்பட்டவை. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று, இதே வேடிக்கையை அவர் ஏற்கெனவே சிறிய அளவில் செய்து பார்த்திருந்தார் என்பது. 1919-இல் ஆர்பக்கிளுடன் நடித்த குறும்படத்தில் மெல்லிய மேடைத்தட்டி ஒன்று விழுகிறது. 1920-இல் ‘ஒன் வீக்’ படத்தில் ஒரு வீட்டின் சுவர். ஏழெட்டு ஆண்டு கழித்துத்தான் இந்தப் பிரம்மாண்டம். ஒரு வேடிக்கையை இப்படி ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுக்க ஒரே குழுவும் ஒரே இடமும் நிறைய நேரமும் வேண்டும்.

அந்த மூன்றும் 1928-இல் போய்விட்டன. இங்கேதான் சாப்ளினோடு ஒப்பிடும் உங்கள் கேள்வி வருகிறது. சாப்ளினுக்குச் சொந்த ஸ்டுடியோ இருந்தது. படங்களை வெளியிட்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தின் உரிமையாளர்களில் அவரும் ஒருவர். அதனால் எல்லோரும் பேசத் தொடங்கிய பிறகும் 1931-இலும் 1936-இலும் தம் விருப்பப்படி பேசாத படங்களை எடுத்தார்; முழுமையாகப் பேசியது 1940-இல்தான். அதே காலத்து இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹெரால்ட் லாயிட் தம் படங்களுக்குத் தாமே உரிமையாளர். கீட்டனின் பெயரில் நடந்த நிறுவனத்திலோ கீட்டனுக்குப் பங்கே கிடையாது. சம்பளமும் இலாபத்தில் ஒரு பகுதியும்தான். ஷெங்க் அவருக்குத் தயாரிப்பாளர் மட்டுமன்றி மனைவியின் அக்காள் கணவரும்கூட. குடும்பத்துக்குள்ளேயே நடக்கும் தொழில் என்று கணக்கு வழக்கைப் பார்க்காமல் இருந்துவிட்டார். செலவுகூடிய படங்கள் போட்ட காசை எடுக்காதபோது ஷெங்க் ஸ்டுடியோவை மூடிவிட்டு, தம் சகோதரர் நிக்கலஸ் தலைமையில் இருந்த எம்ஜிஎம் பக்கம் கீட்டனை அனுப்பினார். சாப்ளினும் லாயிடும் வேண்டாம் என்று எச்சரித்ததாகக் கீட்டன் எழுதியிருக்கிறார். தம் வாழ்க்கையில் செய்த பெருந்தவறு அதுவே என்றும் சொன்னார்.

எம்ஜிஎம் கொடுமைக்கார நிறுவனம் என்று நான் சொல்ல வரவில்லை. வாரம் மூவாயிரம் டாலர் கொடுத்தார்கள். தொழிற்சாலை ஒழுங்கில் இயங்கிய அவர்களுக்கு, திரைக்கதையை அச்சிட்டு, ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே விலைபோட்டு, நாள் குறித்து எடுப்பதுதான் வேலை. பேஸ்பால் ஆடிக்கொண்டே யோசிக்கும் ஆளுக்கு அந்தக் கணக்கில் கட்டம் இல்லை. முதல் படமான ‘தி கேமராமேன்’ எடுக்கும்போது நியூயார்க் தெருவில் கூட்டம் சூழ்ந்து, தடித்த திரைக்கதையின்படி எடுக்க முடியாமல் போகவே, அதை ஒதுக்கிவைக்க அனுமதி வாங்கித் தம் பாணியில் பெரும்பகுதியை எடுத்தார். அதனால்தான் அது இன்றும் அவருடைய நல்ல படங்களில் ஒன்று. அடுத்த படத்தில் பிடி தளர்ந்தது. அதற்கடுத்து ஒலி வந்தபோது, காட்சிகளை வசனம் எழுதுபவர்கள் வகுத்தார்கள். ஆபத்தான வேலைகளுக்கு டூப் போட்டார்கள். பிற்பாடு ஜிம்மி டுராண்டி என்ற ஓயாமல் பேசும் நடிகரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்தப் படங்கள் ஓடின என்பதே கீட்டனுக்கு எதிரான வாதமாயிற்று: இவ்வளவு மோசமாக எடுத்தும் பணம் வருகிறதே, பின் ஏன் உன் வழியில் எடுக்க வேண்டும்?

குடிக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில்தான் நானே உறுதியாகப் பேசத் தயங்குகிறேன். 1932-இல் மனைவி நாத்தலி டால்மட்ஜ் மணவிலக்குப் பெற்றார். பெவர்லி ஹில்ஸ் மாளிகை போயிற்று. இரண்டு மகன்களின் குடும்பப் பெயரும் தாயின் பெயராக மாற்றப்பட்டது. படப்பிடிப்புக்கு வராமல் இருந்தார். வந்தால் போதையில் வந்தார். 1933 தொடக்கத்தில் நிறுவனம் அவரை நீக்கியது. நிறுவனம் கழுத்தை நெரித்ததால் குடித்தார் என்று அவர் ரசிகர்கள் சொல்வார்கள். குடித்ததால் நிறுவனம் கைவிட்டது என்று மறுதரப்பு சொல்லும். தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கட்டுப்பாடு போனது முதலில், குடி முற்றியது பிறகு. ஆனால் அப்பாவும் பெருங்குடியர். திருமணம் அதற்கு முன்பே கசந்திருந்தது. எது எதற்குக் காரணம் என்று முப்பதுகளின் தொடக்கத்து மூன்றாண்டுகளை வெட்டிப் பிரிப்பது வெளியிலிருந்து பார்க்கும் யாராலும் ஆகிற காரியமன்று.

‘காணாமல் போனார்’ என்பதையும் திருத்த வேண்டும். வேலை இல்லாமல் அவர் நெடுநாள் உட்காரவில்லை. எஜுகேஷனல் என்ற சிறு நிறுவனத்துக்குப் பதினாறு குறும்படங்கள், கொலம்பியாவுக்குப் பத்து. பிறகு தம்மை நீக்கிய அதே எம்ஜிஎம்மில் வாரம் நூறு டாலருக்கு, மற்றவர்கள் படங்களுக்கு வேடிக்கை சொல்லிக் கொடுக்கும் வேலை. 1940-இல் எலனோர் நாரிஸை மணந்தார். அந்த மணம் கடைசிவரை நிலைத்தது. பாரிஸில் மெட்ரானோ சர்க்கஸில் 1947-இல் ஆடினார். 1949-இல் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜீ ‘லைஃப்’ இதழில் எழுதிய நீண்ட கட்டுரை மௌனப்பட நகைச்சுவையைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டியது. பழைய மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே கிடந்த ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுக்க, ரேமண்ட் ரோஹவர் என்ற சேகரிப்பாளர் எளிதில் தீப்பற்றும் அந்த நைட்ரேட் பிரதிகளிலிருந்து புதிய பிரதிகள் எடுக்க முனைந்தார். உரிமை விஷயத்தில் ரோஹவர் அத்தனை நேர்மையாளர் அல்லர் என்பதைத் துறைசார்ந்தவர்கள் மறைப்பதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நான் வகுப்பில் காட்டும் பாதிப் படங்கள் பொடிப்பொடியாகிப் போயிருக்கும். 1960-இல் கௌரவ ஆஸ்கர் வந்தது. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 1966 பிப்ரவரி 1 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

எதில் தொடங்குவது என்பதற்கு என் வகுப்பு அனுபவத்தையே சொல்கிறேன். முதன்முதலில் கற்பிக்க வந்தபோது, உச்சத்திலிருந்தே தொடங்குவோம் என்று ‘தி ஜெனரல்’ போட்டேன்; முதல் இருபது நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லை, கடைசி வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். மறு ஆண்டிலிருந்து ‘ஒன் வீக்’ போடுகிறேன். புதுமணத் தம்பதி, பாகங்களாக வந்த வீட்டை எண்கள் மாற்றப்பட்டது தெரியாமல் பூட்டுகிறார்கள். சுமார் இருபது நிமிடம்தான். கடைசியில் தண்டவாளத்தின்மேல் சிக்கிய வீட்டை நோக்கி ரயில் வரும் இடத்தில், எந்த வகுப்பும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கும். என்ன நடக்கிறது என்பதை நீங்களே பாருங்கள். அடுத்து ‘ஷெர்லாக் ஜூனியர்’, நாற்பத்தைந்து நிமிடம். திரையரங்கில் படம் ஓட்டுபவர் கனவில் எழுந்து போய்த் திரைக்குள் நுழைகிறார்; பின்னணி தோட்டம், தெரு, பாலைவனம் என்று மாறிக்கொண்டே இருக்க, அவர் மட்டும் அதே இடத்தில் தடுமாறுகிறார். நில அளவைக் கருவிகளால் தூரத்தை அளந்து ஒவ்வொரு வெட்டையும் பொருத்தினார்கள். படத்தொகுப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை. அதே படத்தில் ரயில் நிலையத் தண்ணீர்த் தொட்டிக் குழாயின் நீர் கொட்டி அவர் தண்டவாளத்தில் விழும் காட்சியைக் கவனியுங்கள்: அன்று கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்தது ஆண்டுகள் கழித்து எக்ஸ்-ரேயில்தான் தெரிந்தது.

பார்க்கும் பிரதியில் கவனம் வேண்டும். கேமராவைக் கையால் சுற்றிய காலம் அது. படத்துக்குப் படம் வேகம் மாறும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல, எல்லோரும் எலிபோல ஓடும் வேகத்தில் இருக்கும். பின்னால் சம்பந்தமில்லாத பியானோ ஒன்று நிற்காமல் ஓடும். மீட்டெடுக்கப்பட்ட பிரதி கிடைத்தால் காத்திருந்து அதையே பாருங்கள். இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. ‘தி ஜெனரல்’ நாயகன் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் பக்கம் நிற்கிறார். ‘செவன் சான்சஸ்’, ‘காலேஜ்’ போன்றவற்றில் முகத்தில் கரிபூசிக் கறுப்பினத்தவரைக் கேலிசெய்யும் இடங்கள் உண்டு. அன்றைய வழக்கம் என்று தள்ளிவிடாமல், முகம் சுளிக்க வேண்டிய இடத்தில் சுளித்துக்கொண்டே பாருங்கள் என்றுதான் மாணவர்களிடமும் சொல்கிறேன்.

இவற்றுக்குப் பிறகு ‘தி ஜெனரல்’, அதன்பின் ‘தி கேமராமேன்’. அதில் ஆளில்லாத யாங்கி மைதானத்தில் கீட்டன் தன்னந்தனியாக, பந்தும் மட்டையும் இல்லாமல், ஒரு முழு பேஸ்பால் ஆட்டத்தையே ஆடிக் காட்டுகிறார். அதைப் பார்த்த கையோடு, இரண்டே ஆண்டுகள் தள்ளி எம்ஜிஎம்மில் அவர் கதாநாயகனாக நடித்த முதல் பேசும்படமான ‘ஃப்ரீ அண்ட் ஈசி’யின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது, பாடவும் செய்கிறார். ஆனால் அந்த முகத்தின்மேல் கோமாளிச் சாயத்தை அப்பி, உடம்பில் கயிறு கட்டி, பொம்மலாட்டப் பொம்மைபோல மேலிருந்து யாரோ ஆட்ட ஆடவிட்டிருக்கிறார்கள்.